வளைவில் இரண்டு சக்கரம், இரண்டு வேகம்

மழை விட்டு, சாலை இன்னும் காயாத நேரம். முச்சந்தியில் பச்சை விளக்கு விழுகிறது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று இடப்பக்கம் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி மிதிக்கிறோம். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். கார் ஒரு கணம் தயங்கி, பிறகுதான் நகர்கிறது.

அந்தச் சத்தம் முன்பக்கத்து இரண்டு டயர்களிலிருந்தும் வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான் வரும், அதுவும் வளைவின் உட்பக்கத்து டயரிலிருந்து. டயர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு. தேய்ந்தும் இருக்கலாம். ஆனால் இரண்டு டயர்களும் ஒரே நாளில் மாட்டியவை என்றால், ஒன்று மட்டும் ஏன் வீணாகச் சுற்ற வேண்டும்?

அதற்குப் பதில் சொல்வது ‘டிஃபரன்ஷியல்’ என்ற ஒரு பற்சக்கரக் கூட்டம். பழைய டட்சன் 120ஒய் காரின் பின்னால் குனிந்து பார்த்தவர்களுக்கு, பின் அச்சின் நடுவில் பானை போல் புடைத்திருந்த இரும்பு உருண்டை நினைவிருக்கும். டிஃபரன்ஷியல் அதற்குள்தான் இருந்தது. இன்றைய மைவி, சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் அது கியர்பாக்ஸின் உள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. கண்ணில் படாததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மழையில், மலையில், சேற்றில் உங்கள் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு யூ-டர்ன் கணக்கு

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, உட்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது. இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் எவ்வளவு? ஒரு சாதாரணக் காரில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளி இருக்கும். அதை 3.14-ஆல் பெருக்கினால் 4.7 மீட்டர். ஒரு யூ-டர்ன் அடித்து முடிக்கும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அவ்வளவு தூரம் கூடுதலாக ஓடியிருக்கும். சின்னக் காரின் டயர் என்றால் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று அதிகம். குறுகலாகத் திரும்பினாலும் அகலமாகத் திரும்பினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாட்டுவண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அதன் சக்கரங்கள் அச்சின் மேல் தனித்தனியாகச் சுழல்கின்றன. இழுப்பது மாடு, சக்கரத்துக்குச் சுழல்வது மட்டுமே வேலை. ரயிலில் நிலைமை வேறு. அங்கே இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரத்தின் விளிம்பைச் சற்றே சரிவாகச் செய்து வளைவைச் சமாளிக்கிறார்கள். வளைவு ரொம்பக் குறுகலாக இருந்தால் அதுவும் போதாது. அப்போது ஒரு சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். ரயில் வளைவுகளில் காதைக் கிழிக்கும் அந்த ஓசைக்கு அதுவும் ஒரு காரணம்.

காருக்கு இரண்டும் வேண்டும். எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கும் போக வேண்டும், அதே நேரத்தில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்த பெருமை பிரான்சைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கரைச் சேரும். கடிகாரம் செய்பவரான அவர், 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் கார் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே டிஃபரன்ஷியல் பிறந்துவிட்டது!

மூங்கில் கழியும் காலிப் பெட்டியும்

நாம் ஓட்டும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ‘ஓபன்’ வகை, அதாவது திறந்த டிஃபரன்ஷியல். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மூங்கில் கழி போதும்.

தரையில் இரண்டு பெட்டிகளை இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றின் பின்னால் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே பிடித்து, கழியின் சரியான நடுவில் கை வைத்துத் தள்ளுங்கள். இரண்டு பெட்டிகளும் சம கனம் என்றால் இரண்டும் சேர்ந்தே நகரும். ஒன்றில் அரிசி மூட்டை இருந்து, மற்றது காலி என்றால்? காலிப் பெட்டி சறுக்கிக்கொண்டு முன்னே ஓடும். அரிசிப் பெட்டி அசையாது. நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், காலிப் பெட்டி எதிர்த்து நிற்கும் அளவுக்குத்தான் கழியின் மறுமுனையிலும் விசை கிடைக்கும்.

டிஃபரன்ஷியலின் நடுவில் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள்தான் அந்தக் கழி. இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் அவை கொடுக்கும். ஒரு சக்கரம் காய்ந்த தாரிலும் மற்றது சேற்றிலும் இருந்தால், சேற்றுச் சக்கரம் ஏற்றுக்கொள்ளும் கொஞ்ச விசைதான் தார்ச்சக்கரத்துக்கும் போகும். அதனால்தான் ஒன்று சுழன்று சேற்றை வாரி இறைக்க, மற்றது சும்மா நிற்கிறது.

வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு சக்கரங்களின் வேகத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் வருவதே டிஃபரன்ஷியல் கூட்டின் வேகம். ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் காரில் மீட்டர் 50 காட்டினால், சேற்றில் சிக்கிய டயர் 100-க்குரிய வேகத்தில் சுழல்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் அவ்வளவு வேகத்தில் நெடுநேரம் சுழல்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தைப்பூசத்தன்று புல்திடலில் காரை நிறுத்திவிட்டு, மழைக்குப் பிறகு வெளியே எடுக்க ஆத்திரத்தோடு மிதிப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றும் டயருக்குப் பக்கத்தில் யாரையும் நிற்கவும் விடாதீர்கள்.

இப்போது முச்சந்திக்கு வருவோம். திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது, உட்பக்க டயர் இலேசாகிறது. அதுதான் நமது காலிப் பெட்டி. ஏற்றத்தில் திரும்பும்போது எடை பின்பக்கமும் சாய்வதால், முன்சக்கர இயக்கக் காருக்கு இரட்டை அடி. கெந்திங் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மழை நேரத்தில் ஏறும்போது உட்பக்க முன்சக்கரம் துடிப்பது இதனால்தான். அந்த இடத்தில் மேலும் மிதிப்பதால் பயனில்லை. காலைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டியரிங்கை நேராக்க நேராக்க மெல்ல மிதித்தால் கார் இழுக்கும்.

ஓபன் வகையைக் குறைசொல்லி ஒதுக்கிவிட வேண்டாம். மலிவு, எளிமை, நீடித்த உழைப்பு எல்லாம் அதில் உண்டு. இன்னொரு நல்ல குணமும் இருக்கிறது. பின்சக்கர இயக்கக் காரில் வளைவில் அதிகமாக மிதித்துவிட்டால் உட்பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும். வெளிப்பக்கச் சக்கரம் சாலையைப் பிடித்தபடியே இருக்கும். காரின் வால் சட்டென்று சுழன்று திரும்பாமல் அது காக்கிறது.

பூட்டிவிட்டால்?

ஓபன் வகைக்கு நேர் எதிரானது ‘டிஃப் லாக்’. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியது போலாகிவிடும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும், பிடிமானம் உள்ள மற்றது காரை இழுத்துக்கொண்டு வரும். ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகளின் உயர்ரக மாடல்களில் பின் அச்சுக்கு இந்த வசதி உண்டு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இது ஒரு வரப்பிரசாதம். ஆண்டுதோறும் நம் நாட்டுக் காடுகளில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் இது இல்லாமல் காலடி எடுத்து வைக்க முடியாது.

ஆனால் தார்ச்சாலையில் அதுவே தலைவலி. மேலே சொன்ன 4.7 மீட்டர் வித்தியாசத்துக்கு இப்போது வழியில்லை. டயர்கள் வழுக்கித்தான் ஆக வேண்டும். கார் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும், டயர் தேயும், அச்சுகள் முறுக்கேறும். ஈரச்சாலையில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடியை இழந்தால், வால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. சேற்றைத் தாண்டியதும் பொத்தானை விடுவித்துவிட வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டிரிஃப்ட் பழக வேண்டும் என்று பழைய பின்சக்கர இயக்கக் காரின் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து நிரந்தரமாக இறுக்கிவிடுகிற வழக்கம் உண்டு. மூடிய பந்தயத் திடலில் அது ஒரு விளையாட்டு. அதே காரில் மழை நாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது வேறு கதை. வெல்டிங் விட்டுப்போகும் துண்டுகள் பற்சக்கரங்களுக்கு இடையே சிக்கினால் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகக்கூடும். அந்த நிலையில் பிரேக், ஸ்டியரிங் இரண்டையும் நம்ப முடியாது.

நடுவழி: எல்.எஸ்.டி.

முழுக்கத் திறந்ததும் வேண்டாம், முழுக்கப் பூட்டியதும் வேண்டாம் என்பவர்களுக்காக வந்ததுதான் எல்.எஸ்.டி. எனப்படும், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். இதில் மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது கிளட்ச் தட்டு வகை. உள்ளே தட்டுகள் அடுக்கியிருக்கும். எஞ்சின் விசை ஏற ஏறத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கி, இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பிடிப்பது ‘ஒன்-வே’, காலை எடுக்கும்போதும் பிடிப்பது ‘டூ-வே’. பந்தயக்காரர்களின் விருப்பம் இது. ஆனால் குறுகலாகத் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் வரலாம். தட்டுகள் தேயும். இதற்கென்று உள்ள எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது பிசுபிசுப்புத் திரவ வகை. துளையிட்ட தட்டுகள் கெட்டியான சிலிகோன் திரவத்தில் மூழ்கியிருக்கும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கினால் திரவம் அதைத் தடுக்கும். மென்மையான வேலை, சத்தமில்லை. ஆனால் சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் இது விழித்துக்கொள்ளும். வயதானால் திரவம் தன் வலுவை இழக்கும்.

மூன்றாவது பற்சக்கர வகை. ‘டோர்சன்’ என்ற பெயரில் இது பிரபலம். அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாய்வாக வெட்டிய பற்கள் ஒன்றோடொன்று உரசி, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு அதிக விசையை உடனடியாகத் தள்ளுகின்றன. தேய்வதற்குத் தட்டு இல்லை, காத்திருக்கத் திரவம் இல்லை. டொயோட்டா ஜிஆர் யாரிஸில் முன்னும் பின்னும் டோர்சன் கிடைக்கிறது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரின் முன்சக்கரங்களுக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சாய்பல் வகைதான்.

இந்த மூன்றாவது வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. பலவீனமான சக்கரம் தாங்கும் விசையைப் போல் இரண்டு, மூன்று மடங்கை மற்றதற்கு இது கொடுக்கும். பெருக்கல் கணக்கு என்பதால், ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்த நேரத்தில் பிரேக்கை இலேசாகத் தொட்டால், சுற்றும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைக்கும். பெருக்க ஓர் எண் கிடைத்துவிடும், கார் நகரும்.

முன்சக்கர இயக்கக் காரில் எல்.எஸ்.டி. இருந்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது வித்தியாசம் தெரியும். வழக்கமாக அகலமாக ஓடப் பார்க்கும் கார், மிதிக்க மிதிக்க வளைவின் உட்பக்கம் இழுக்கும். பதிலுக்கு ஸ்டியரிங் கையில் முறுக்கும், மேடு பள்ளமான சாலையில் இங்கும் அங்கும் இழுக்கும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

பிரேக் செய்யும் தந்திரம்

‘என் காரில் இதெல்லாம் இல்லையே’ என்று கவலைப்பட வேண்டாம். சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பைக் கொடுத்தால் மற்றதற்கு விசை போகும் என்றோம் அல்லவா? அதே வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. வீணாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, எஞ்சின் விசையையும் குறைக்கிறது. இது வழுக்கல் கட்டுப்பாடு. இதோடு கார் சுழலாமல் காக்கும் இ.எஸ்.சி.யும் சேர்ந்தே வரும். 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி முதல், விலை குறைந்த மாடலிலும் வி.எஸ்.சி. என்ற பெயரில் இது இருக்கிறது. வாகன மேடையில் தடுமாறும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு கணம் மின்னினால், உங்களுக்காக அது உழைக்கிறது என்று அர்த்தம்.

குடும்பக் காருக்கு இது போதும். ஆனால் ஆழமான சேற்றில் சிக்கினால் இதே அமைப்பு விசையை வெட்டி வெட்டிக் காரை நகரவிடாமல் செய்யலாம். அப்போது மட்டும் வழுக்கல் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, டயருக்கு முன்னால் பலகையோ தரைவிரிப்போ போட்டு, மெல்ல மிதித்து வெளியேறுங்கள். தாருக்கு வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். பழைய நிசான் வேனெட் போன்ற பின்சக்கர இயக்க வேன்களில் கைப்பிரேக்கை ஓரிரு படி இலேசாக இழுத்துக்கொண்டு மிதிப்பார்கள். அதுவும் இதே தந்திரம்தான். முன்சக்கர இயக்கக் காரில் அது பலிக்காது, ஏனென்றால் கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை.

நான்கு சக்கர இயக்கம் வைத்திருப்பவர்களுக்கு

திரும்பும்போது இடது வலது மட்டுமல்ல, முன் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. அதனால் எப்போதும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் கார்களுக்கு நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியலோ, விட்டுக்கொடுக்கும் கிளட்ச்சோ வேண்டும். வேண்டும்போது மட்டும் 4எச் போடும் பிக்கப் வண்டிகள் பலவற்றில் நடுவில் எதுவும் இல்லை. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் தீர வழியில்லாமல் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ‘நாலு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்புதானே’ என்று பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தில் 4எச் போட்டு வளைத்து வளைத்து ஏறினால், கியர் பெட்டிக்குச் செலவு வைப்பீர்கள்.

மின்சாரக் காரில் இதெல்லாம் போய்விட்டதா? இன்னும் இல்லை. புரோட்டோன் இ.மாஸ் 7, பிஒய்டி ஆட்டோ 3 போன்ற ஒற்றை மோட்டார் கார்களிலும் இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இருக்கத்தான் செய்கிறது. முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் உள்ள கார்களில் நடு டிஃபரன்ஷியலுக்கு மட்டும் வேலை போய்விட்டது.

சாலையோரத்தில் டயர் மாற்றும்போது

டிஃபரன்ஷியலைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ கார் ஓட்டுபவர்கள் பலர் ‘பி’ கியரில் போட்டால் கார் நகராது என்று நம்புகிறார்கள். ‘பி’ கியர் சக்கரங்களை நேரடியாகப் பூட்டுவதில்லை. கியர்பாக்ஸைப் பூட்டுகிறது. அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரண்டு முன்சக்கரங்களும் தரையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால்? மூங்கில் கழியின் நடுப்புள்ளி அசையாது, ஆனால் இரண்டு முனைகளும் எதிரெதிர்த் திசையில் திரும்பலாம். தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். ‘பி’ கியரில் இருந்தபடியே கார் ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கிவிடும்!

ஆகவே முன்டயர் மாற்றுவதற்கு முன் கைப்பிரேக்கை முழுமையாகப் போடுங்கள். சமதரையாகப் பார்த்து நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். காருக்கு அடியில் கை, தலை எதையும் விடாதீர்கள். கைப்பிரேக் நெடுநாளாகத் தளர்ந்திருந்தால் இந்த வாரமே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

உபரி டயருக்கும் ஒரு விதி உண்டு. மெலிந்த, சிறிய அளவு உபரி டயரை இயக்கும் அச்சில் மாட்டினால், நேராகப் போகும்போதும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். எல்.எஸ்.டி. உள்ள காரில் அது சூடேறும். முன்டயர் பஞ்சரானால், பின்னால் உள்ள நல்ல டயரை முன்னே கொண்டுவந்து, சிறியதைப் பின்னால் மாட்டுவது நல்லது. டயரில் அச்சிட்டுள்ள வேக வரம்பைத் தாண்டாமல் நேராக டயர் கடைக்குப் போங்கள். அதே காரணத்துக்காக, ஓர் அச்சில் ஒரு புது டயர், ஒரு மொட்டை டயர் என்று ஓட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எதை வாங்குவது?

பள்ளி, வேலை, சந்தை, பண்டிகைக்கு ஊர் என்று ஓடும் காருக்கு ஓபன் டிஃபரன்ஷியலும் இ.எஸ்.சி.யும் போதும். மிச்சப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். வாரம் தவறாமல் தோட்டத்துக்கும் மலைக்காட்டுப் பாதைக்கும் போகிறவர்கள், பிக்கப் வாங்கும்போது டிஃப் லாக் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். பிக்கப், வேன் வைத்திருப்பவர்கள் எஞ்சின் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு வராமல், டிஃபரன்ஷியல் எண்ணெயையும் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றச் சொல்லுங்கள். வெள்ளநீரில் அச்சு மூழ்கும்படி ஓட்டியிருந்தால் காலம் பார்க்காமல் உடனே சோதிக்கச் சொல்லுங்கள். நீர் கலந்த எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் இருக்கும்.

பந்தயத் திடலுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும்தான் தனியாக எல்.எஸ்.டி. வாங்கி மாட்டுவதில் பொருள் உண்டு. ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாஃப்-கட்’ கியர்பாக்ஸில் எல்.எஸ்.டி. இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைப் படிக்கப் பழகுவோம். அதுவரை, இன்று மாலையே காரின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். உபரி டயரில் காற்று இருக்கிறதா? சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டைகள் இருக்கின்றனவா?